அறுபது கார்டு, ஒரே பெயரில் நாலு: நம்ம கரைக்கு இது சரிவருமா?

12 ஏப்ரல் 2025, மாலை. கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி

நேற்றோடு எஃப் எழுத்து போட்ட (கார்டு எந்தக் காலத்தது என்று காட்டும் எழுத்து) போகிமான் கார்டுகள் ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான போட்டி முறையில் செல்லாது என்று ஆகிவிட்டது. என் மகனிடம் இருப்பதில் பாதிக்கு மேல் எஃப். துபாயிலிருந்து மச்சான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாக்கெட், மூணு பாக்கெட் என்று கொண்டுவந்து சேர்ந்தவை. இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் இதை ஆடுகிறவர்கள் பத்துப் பேர் தேறுவோமா? நமக்கு எதற்கு எழுத்துக் கணக்கு? ஒரு டெக் கட்ட அறுபது கார்டு இருக்கணும், ஒரே பெயரில் நாலுக்கு மேல் கூடாது, மூணு வருஷத்தில் பழசை ஒதுக்கணும்... எல்லாமே பாக்கெட் விற்கிற வேலை. யாராவது இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

12 ஏப்ரல், இரவு

காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்), பாதி சரி, பாதி இல்லை.

மூன்று வேறு வேறு விதிகளை ஒரே கயிற்றில் கட்டிவிட்டீர்கள். நாலு என்ற வரம்பு பாக்கெட் விற்க வந்தது இல்லை. நிறைய வாங்கக் காசு இருப்பவன் கையைக் கட்ட வந்தது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் மேஜிக் என்ற கார்டு ஆட்டம் வெளிவந்தபோது அந்த வரம்பே கிடையாது. நாற்பது கார்டு இருந்தால் போதும், ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் சொருகலாம். ஒரு ஆள் கொஞ்சம் பாக்கெட் வாங்குவார், அதோடு நிறுத்திக்கொள்வார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பிளாக் லோட்டஸ் மாதிரி பலமான கார்டு ஒன்றை இருபது சேர்த்துக் கட்டினால் எதிரே இருப்பவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மறு வருடமே போட்டிகளில் அறுபது, நாலு என்று விதி வந்தது. போகிமான் 1996-இல் ஜப்பானில் பிறந்தபோதே அந்தப் பாடத்தோடு பிறந்தது. மேஜிக்கில் அறுபதுக்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. போகிமானில் சரியாக அறுபது, ஒன்று கூடினாலும் தப்பு. யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தில் நாற்பதிலிருந்து அறுபது வரை, ஒரே பெயரில் மூன்று.

எழுத்து விஷயத்தில் உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. கார்டின் இடது கீழ் மூலையில் இருக்கும் அந்தக் குட்டி எழுத்து வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவனுக்கு வசதி. இந்த வருடம் புதிதாக வருகிறவன் ஜி, ஹெச், ஐ மூன்றை மட்டும் தேடினால் போதும், பத்து வருடத்துப் பழசைத் துரத்த வேண்டாம். ஆனால் அந்த வசதி நாம் உட்கார்ந்து ஆடும் வலைக்கூடத்தில் யாருக்கு?

நான் மண்டபம். செராக்ஸ் கடை. அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கற்றுக்கொள்ளப் போய், இப்போது அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றிவிட்டது.

13 ஏப்ரல், காலை

முக்கியமானதை விட்டுவிட்டேன். எஃப் கார்டை எல்லாம் ஒரேயடியாக மூட்டை கட்டாதீர்கள். அதே பெயர், அதே விவரத்தோடு பின்னால் வந்த எழுத்தில் மறுபடி அச்சாகியிருந்தால் பழைய அச்சும் செல்லும். ரேர் கேண்டி, அல்ட்ரா பால், நெஸ்ட் பால், ஸ்விட்ச் மாதிரி உதவிக் கார்டுகள் எல்லாம் அப்படித்தான். பேசிக் எனர்ஜிக்கு (போகிமான் அடிக்கத் தேவையான சக்திக் கார்டு) எழுத்தும் கிடையாது, நாலு என்ற கணக்கும் கிடையாது. பையன் பெட்டியை இன்னொரு தடவை சலித்துப் பாருங்கள். போனது பெரும்பாலும் போகிமான்கள்தான், அதிலும் பிரில்லியன்ட் ஸ்டார்ஸிலிருந்து கிரௌன் ஜெனித் வரை வந்தவை. ரேடியன்ட் வகை மொத்தமும் அதில் அடிபட்டுவிட்டது.

அப்புறம் ஒன்று. "சீட்டு" என்று யாரும் இங்கே எழுதாதீர்கள். போன வருடம் அக்காவிடம் பக்கத்து வீட்டம்மா "உங்க மகன் வலைக்கூடத்துல உக்காந்து சீட்டாடுறான்" என்று சொல்லி, அவன் முதுகில் ரெண்டு விழுந்தது. கார்டு என்றால் ஏதோ படிப்புச் சமாசாரம் என்று விட்டுவிடுகிறார்கள்.

15 ஏப்ரல்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது, 61 நாள். விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. வலை சீர்பார்க்கும் கூடத்தில் ஒரு மூலையைப் பிள்ளைகள் பிடித்தாயிற்று. பரீட்சை இன்னும் முடியவில்லை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எஃப் கார்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்: "தடைக்காலக் கார்டு". நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படகு ஜூன் 14 கழித்துக் கடலுக்குப் போய்விடும், எஃப் ஸ்டாண்டர்டுக்குத் திரும்பி வராது. எக்ஸ்பேண்டட் என்று இன்னொரு ஃபார்மட் உண்டு. 2011-இன் பிளாக் அண்ட் ஒயிட் தொகுப்பிலிருந்து, தனியாகத் தடை போட்ட சில கார்டுகள் தவிர, எல்லாமே அதில் செல்லும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாத மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபார்மட் என்றால் என்ன என்று ஒரு வலைக்காரர் கேட்டார். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நாலு நாள் நாட்டுப்படகு, அது மாதிரி என்றேன். கடல் ஒன்றுதான், இன்னாருக்கு இன்ன நாள். "அப்ப இதுலயும் சண்டை வருமே" என்றார். வராமலா.

20 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

தங்கச்சிமடத்துப் பிள்ளைகள் பூசை முடிந்து மதியம் வந்தார்கள். ஆறு பேர். முதல் முயற்சியாக ஜிம் லீடர் சேலஞ்ச் வைத்தேன். ஆண்ட்ரூ மஹோன் என்ற ஆட்டக்காரர் கொண்டுவந்த ஃபார்மட். அறுபது கார்டு, ஆனால் பேசிக் எனர்ஜி தவிர எந்தப் பெயரும் ஒரு தடவைதான். போகிமான் எல்லாம் ஒரே வகை: நெருப்பு என்றால் நெருப்பு மட்டும், தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும். ஈஎக்ஸ், வி, ஜிஎக்ஸ் மாதிரி, தனி விதி எழுதிய பெட்டி அச்சிட்ட பெரிய ஆட்கள் யாரும் கூடாது. டெக்குக்கு ஒன்று மட்டும் செல்லும் ஏஸ் ஸ்பெக் கார்டும் கூடாது. எக்ஸ்பேண்டட் கார்டுகள் செல்லும் என்பதால் எஃப் பிரச்சினையும் தீர்ந்தது. காக்கா, உங்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வதாக இருந்தேன்.

இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆறு பேரில் ஒருவனிடமும் ஒரே வகையில் டெக் கட்டுகிற அளவுக்குப் போகிமான் இல்லை. அக்கா மகனிடம் நெருப்பு பதினொன்று, மற்றவர்களிடம் நாலு, ஐந்து. ஆட்டத்தில் உதவும் டிரெய்னர் கார்டு அதைவிடப் பஞ்சம். நாலு நெஸ்ட் பால் வைத்திருக்கிறவன் இருக்கிறான், நாலு விதமான பால் கார்டு வைத்திருக்கிறவன் இல்லை. இடத்தை நிரப்ப எனர்ஜியைப் போட்டார்கள். ஒருவன் டெக்கில் 38 எனர்ஜி. கையில் ஏழு கார்டு எடுத்தால் ஏழும் எனர்ஜி. நேராக மேசையில் இறக்கக்கூடிய பேசிக் போகிமான் ஒன்றாவது வரும்வரை கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும், அப்படி ஒவ்வொரு தடவை கலைக்கும்போதும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்து தடவை கலைத்தான். எதிரே இருந்தவன் கையில் பிடிக்க இடமில்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் இருக்கும் கார்டு முதல் ஏழில் வர வாய்ப்பு 60-க்கு 7, கிட்டத்தட்ட 12 சதவீதம். நாலு இருந்தால் அதுபோல நாலு மடங்கு, 47 சதவீதம். ஒன்றிலிருந்து ஒன்றாக வளரும் சார்மண்டர், சார்மீலியன், சாரிசார்ட் மூன்றும் ஒவ்வொன்றுதான் என்றால் வரிசையாகக் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே பாருங்கள். போதாக்குறைக்கு ஆறு கார்டு பிரைஸ் என்று கவிழ்ந்து கிடக்கும் (எதிராளியின் ஆளை வீழ்த்தினால் அதிலிருந்து எடுக்கலாம், எல்லாம் எடுத்தவன் ஜெயிப்பான்). உங்களுடைய ஒற்றைச் சாரிசார்ட் அந்த ஆறுக்குள் போய்விட பத்தில் ஒரு வாய்ப்பு. போனது. அழுதான்.

21 ஏப்ரல்

உச்சிப்புளியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் குட்டு வைத்திருக்கிறார். வாங்கிக்கொள்கிறேன். "நாலு மடங்கு" தப்பு. அப்படிப் பார்த்தால் ஒன்பது இருந்தால் நூறைத் தாண்டிவிடும். நாலில் ஒன்றுகூட வராமல் போவதைக் கணக்கிட்டு அதைக் கழிக்க வேண்டும்: 56/60, 55/59, 54/58 என்று ஏழு பின்னங்களைப் பெருக்கினால் 0.60. ஆகவே, வர வாய்ப்பு 40 சதவீதம், 47 இல்லை.

அதே கணக்கில் இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். பேசிக் போகிமான் எட்டு வைத்தால் 35 சதவீதம் தடவை கையைக் கலைக்க நேரும். பன்னிரண்டு வைத்தால் 19. எட்டு வைத்திருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

22 ஏப்ரல்

காசு சுண்டுவதற்குப் பதில் சோழி போடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. சோழி சரிபாதியாக விழாது, தாயம் ஆடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பகடை போடுங்கள், ஒற்றை இரட்டை. அடிபட்ட கணக்குக்குச் சோழி அருமை. ஒரு சோழி பத்து. காற்றுக்குப் பறக்காது.

27 ஏப்ரல்

தங்கக் கார்டு.

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பாம்பனிலிருந்து ஒரு பெண்பிள்ளை பஸ் ஏறி வருகிறது, பதினோரு வயசு. அப்பா நாட்டுப்படகு. அவள் டெக் அறுபதும் சரியாக எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு, பிஸ்கட் டப்பாவில். திறந்தால் பாதிக்கு மேல் தங்கம். திருவிழாக் கடையில் விற்கிற, பிளாஸ்டிக் மேல் தங்க நிறம் பூசிய சரக்கு. ஹெச்பி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை வேறு. ஒரு பையன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

போலியைக் கண்டுபிடிக்கச் செல்போன் டார்ச் போதும். அசல் கார்டின் நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு உண்டு, வெளிச்சம் சரியாக ஊடுருவாது. சாதாரண அட்டைப் போலி லாந்தர்க் கண்ணாடி மாதிரி ஒளிரும். சிரித்தவர்கள் எல்லாருடைய டெக்கையும் அன்று டார்ச் வைத்துப் பார்த்தேன். எல்லாரிடமும் போலி இருந்தது. அக்கா மகனிடம் நாலு. அதில் ஒன்று நானே ஆன்லைனில் "அசல்" என்று நம்பி வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது.

அவளுடைய டப்பாவில் அசல் 22.

செராக்ஸ் கடைக்காரனுக்கு வருகிற முதல் யோசனை எனக்கும் வந்தது. கலர் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சாதா கார்டுக்கு முன்னால் சொருகினால் முடிந்தது. அங்கீகாரம் பெற்ற போட்டியில் அப்படி நாமாகச் செய்த நகல் செல்லாது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டு ஆட்டத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டு பக்கம் பிரிண்ட்கூடப் போட்டுவிட்டேன். அப்புறம் நிறுத்தினேன். எல்லாருக்கும் எல்லாக் கார்டும் பத்து ரூபாய் பிரிண்டில் கிடைத்தால் மறுநாள் ஆறு பேரும் இணையத்தில் பார்த்த ஒரே டெக்கோடு வந்து உட்காருவார்கள். நாலு கார்டு வரம்பு எதைத் தடுக்க வந்ததோ அதை நானே என் மிஷினில் அச்சடித்த மாதிரி ஆகிவிடும்.

(இதைப் படிக்கிற ஓலைக்குடாக்காரர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஏழைப் பிள்ளைக்கு நகல் கொடுக்காமல் என்ன விதி" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் பதில் இல்லை, ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது.)

4 மே

பதில் கிடைத்துவிட்டது! பொதுப் பெட்டி.

மேஜிக்காரர்கள் இதை கியூப் என்கிறார்கள். யாரோ ஒருவர் கையால் தேர்ந்தெடுத்த கார்டுகள் ஒரு பெட்டியில், எட்டுப் பேருக்கு என்றால் வழக்கமாக 360. ஆளுக்கு 15 வீதம் பிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவனிடம் தள்ள வேண்டும். மூன்று சுற்று. கையில் சேர்ந்த 45-ல் டெக் கட்டி ஆட வேண்டும், ஆடி முடித்ததும் எல்லாம் பெட்டிக்கே திரும்பும். நாங்கள் எல்லாரிடமும் இருக்கிற உபரியைக் கொட்டி 200 தேற்றினோம். பேசிக் எனர்ஜி தனியாக ஒரு கூடையில், வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. பாம்பன் பிள்ளை மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தது. காக்கா, முந்தி எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், இதுதான்.

5 மே

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ராத்திரி பெட்டியை எண்ணினேன். 193. ஏழு கார்டுக்குக் கால் முளைத்திருக்கிறது. திருட்டு என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அதில் இரண்டு அக்கா மகன் தலையணைக்கு அடியில் இருந்தன, இரண்டுமே அவன் பெட்டிக்குக் கொடுத்த அவனுடைய கார்டுகள். "என்னோடதுதானே மாமா" என்கிறான். ஆமாம், அவனுடையதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். பெட்டிக் கார்டை யாரும் கார்டாக மதிக்கவில்லை. அதன் மேல் டம்ளர் வைக்கிறார்கள். சொந்தக் கார்டை இரண்டு உறைக்குள் போட்டு வைக்கிற அதே பிள்ளைகள்தான்.

எங்கள் தாத்தா முந்நூற்றிநாலு ஆடுவார். 32 சீட்டு (ஐயோ, எழுதிவிட்டேன்), ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கு 304. அதில் கட்டு எல்லாருக்கும் பொது, திறமை மட்டும்தான் தனி. அதைப் பார்த்தே வளர்ந்த எனக்குப் பொதுப் பெட்டி பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பிள்ளைகள் இந்த ஆட்டத்துக்கு வந்ததே தன் டெக்கைத் தானே கட்டுகிற ஆசையில். ராத்திரி படுக்கையில் எதை எடுத்துவிட்டு எதைப் போடலாம் என்று புரட்டுவதுதான் அவர்களுக்குப் பாதி ஆட்டம். பொதுப் பெட்டி அதைப் பிடுங்கிவிடுகிறது. மழை நாளுக்கு, விருந்தாளி வந்தால், சரி. தினப்படிக்கு ஆகாது.

11 மே

வெயில். யாரும் வரவில்லை.

18 மே

முப்பது!

ஜப்பானில் ஹாஃப் டெக் என்று ஒரு ஆட்டமுறை உண்டு. 30 கார்டு, ஒரே பெயரில் 2, பிரைஸ் 3. சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி ஆட்டம் என்று நினைத்து இத்தனை நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாத்தியாரின் குட்டு ஞாபகம் வந்ததால் கணக்குப் போட்டேன். 60-ல் நாலு வைத்த கார்டு முதல் ஏழில் வர வாய்ப்பு 40 சதவீதம். 30-ல் இரண்டு வைத்தால்? 1-லிருந்து (23×22)/(30×29)-ஐக் கழிக்க வேண்டும். 41.8. கிட்டத்தட்ட அதேதான்! ஒற்றைக் கார்டு பிரைஸில் மாட்டுவது 60-ல் 6, இங்கே 30-ல் 3, இரண்டும் பத்தில் ஒன்று. பேசிக் போகிமான் ஆறு வைத்தால் கலைக்க நேர்வது 17 சதவீதம். ஆட்டத்தின் நாடித்துடிப்பு மாறாமல் செலவு பாதியாகிறது.

இதைவிடப் பெரிய விஷயம்: பாம்பன் பிள்ளையின் அசல் 22. கூட எட்டு எனர்ஜி போட்டால் 30. ஒரு தங்கக் கார்டும் வேண்டாம், என் பிரிண்டரும் வேண்டாம். அவளிடமே சொன்னேன். ஒன்றும் பேசாமல் டப்பாவை எடுத்துப்போய் மூலையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பிரித்துப் பிரித்து அடுக்கினாள். ஒரே பெயரில் மூன்று இருந்த ஒன்றை மட்டும் அக்கா மகனோடு மாற்றிக்கொண்டாள்.

ஒரு ஆட்டம் பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். கடைக்கு ஆள் வந்தால் ஓடிப்போய்ச் செராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து தொடரலாம். இது எனக்கான லாபம்.

19 மே

ஓலைக்குடாக்காரர்: "இதில் எழுத்து உண்டா இல்லையா?" எழுத்துப் பார்க்க மாட்டோம். ஏஸ் ஸ்பெக், ரேடியன்ட் இரண்டும் வழக்கம்போல டெக்குக்கு ஒன்றுதான்.

25 மே

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வெளியே கார்டு விரிக்க முடியாது, மணல் பறக்கிறது. பிரச்சினை அது மட்டும் இல்லை. பளபளா கார்டுகள் எல்லாம் வத்தைப் படகு மாதிரி வளைந்துவிட்டன. கேட்டால் உப்புக்காற்று என்பார்கள். நடப்பது என்னவென்றால், அட்டை ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேலே ஒட்டிய பளபளப்புத் தாள் விரிவதில்லை. அதனால் முகப்பக்கம் உள்வாங்கி ஓரம் தூக்குகிறது.

அழகுப் பிரச்சினை இல்லை இது, விதிப் பிரச்சினை. டெக்கைக் கவிழ்த்து வைத்தால் வளைந்த கார்டு எங்கே இருக்கிறது என்று இடைவெளியிலேயே தெரியும். எடுத்து வெட்டச் சொன்னால் கை தானாக அங்கே போய் நிற்கும். போட்டிகளில் இதைக் குறி வைத்த கார்டு என்று நடுவர் எடுத்துக்கொள்ளலாம். தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் மூன்று ஆட்டமாக வேண்டிய நேரத்தில் வேண்டிய கார்டு எடுத்ததன் ரகசியம் இன்றுதான் புரிந்தது. அவனுக்கே புரிந்திருந்ததா என்று தெரியாது, கேட்கவும் இல்லை. எல்லாருடைய டெக்கையும் வாங்கிப் பழைய செருப்புப் பெட்டிகளிலிருந்து சேர்த்த சிலிக்கா பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு, மேலே ஏ-ஃபோர் பேப்பர் கட்டு இரண்டு ஏற்றி வைத்திருக்கிறேன். அரிசிப் பானைக்குள் வைக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். வைத்துப் பார்த்தேன். உறைக்குள் தவிடு போகிறது.

1 ஜூன்

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. இனி ஞாயிறு மட்டும்.

8 ஜூன்

காக்கா பெருநாள் முடிந்து இன்று மகனோடு நேரில் வந்தார். பிரியாணி வந்தது. எஃப் கார்டுகளும் வந்தன.

எழுத்துப் பார்க்க மாட்டோம் என்று நான் பெரிய மனசோடு சொன்னதன் பலன் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்தது. பையன் டெக்கில் கியூரம் விமேக்ஸ் (எஃப் எழுத்துப் போட்ட ராட்சதப் போகிமான்) இரண்டு. மேசையில் இறங்கியதும் எங்கள் பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது. அடித்தால் விழாது, திருப்பி அடித்தால் இவர்கள் பக்கம் ஒரு ஆள் காலி. இரண்டு ஆட்டம் அப்படியே போனது. ஓலைக்குடாக்காரர் போனிலேயே சிரிக்கிறார், "எழுத்து இருந்திருந்தால் இது வந்திருக்குமா?" வந்திருக்காது. நான் முதல் நாளே எழுத்தை இளக்காரமாகப் பேசியிருக்கக் கூடாது. பழசும் புதுசும் மோதாமல் பிரிக்கிற வேலியும்தான் அது.

விமேக்ஸுக்குத் தடை போடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் மூன்றாவது ஆட்டம். பாம்பன் பிள்ளை. சின்னச் சின்ன ஆட்களாக முன்னால் நிறுத்திக்கொண்டே வந்தாள். ஒன்று விழுந்தது, ஒரு பிரைஸ் போனது. இன்னொன்று விழுந்தது, இரண்டாவது பிரைஸ். அதற்குள் கியூரம் மேல் சோழிகள் குவிந்துகொண்டிருந்தன. மூன்றாவது ஆளை நிறுத்தி அடித்தாள், விமேக்ஸ் விழுந்தது. விமேக்ஸ் ஒன்று விழுந்தால் எதிராளி மூன்று பிரைஸ் எடுக்கலாம். மொத்தம் இருப்பதே மூன்று. ஆட்டம் முடிந்தது!

இரண்டு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். அறுபது கார்டு ஆட்டத்தில் விமேக்ஸை இழந்தால் பாதி தூரம் தோற்றிருப்பீர்கள், இன்னும் பாதி மிச்சம் இருக்கும். முப்பதில் அதை இறக்குவதே மொத்தப் படகையும் அடகு வைக்கிற மாதிரி. ஈஎக்ஸ், வி, விஸ்டார் என்றால் இரண்டு பிரைஸ், அதுவும் மூன்றில் இரண்டு. ஆக, பெரிய கார்டு வைத்திருப்பவன் மேல் தடை போட வேண்டியதே இல்லை, பிரைஸ் எண்ணிக்கையே அவனைப் பார்த்துக்கொள்கிறது. நாலா, இரண்டா, எந்த எழுத்து என்று இரண்டு மாதமாக டெக்கின் வாசலிலேயே காவல் நின்றுகொண்டிருந்தேன். காவல் ஆட்டத்துக்கு உள்ளேயே இருந்திருக்கிறது.

காக்கா மகன் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு விமேக்ஸை எடுத்து வெளியே வைத்துவிட்டான். யாரும் சொல்லவில்லை.

9 ஜூன்

வாத்தியார் கேட்கிறார்: "ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டலாமா?" கூடாதுதான். முதல் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தது விமேக்ஸ்தான் என்பதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டிலும் எங்கள் பிள்ளைகள் பயந்துபோய் அடிக்காமல் பெஞ்சில், அதாவது பின்வரிசையில், ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஆடிப் பார்ப்போம்.

14 ஜூன்

தடைக்காலம் இன்றோடு சரி. ஜெட்டியில் ஐஸ் லாரியும் டீசல் பேரலும். வலைக்கூடத்தில் எங்கள் மூலை போய்விட்டது, வலையை ஏற்றுகிறார்கள். மேசையை என் கடைக்கே கொண்டுவந்துவிட்டேன், லேமினேஷன் மிஷினுக்குப் பக்கத்தில். நாலு பேர் உட்காரலாம்.

இந்த இரண்டு மாதத்தில் சேர்ந்ததை ஒரு தாளில் அடித்து லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். முப்பது, இரண்டு, மூன்று பிரைஸ், எழுத்து இல்லை, போலி இல்லை, டெக் முழுக்க ஒரே நிற உறை, வளைந்த கார்டு ஆடாது, காசுக்குப் பதில் பகடை. வெளியூர்ப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் அறுபது வைத்து, எழுத்துப் பார்த்து, தனியாக ஆடலாம், அக்கா மகன் அதைத்தான் செய்கிறான். பொதுப் பெட்டி 193 கார்டோடு அலமாரியில் இருக்கிறது. புயல் கூண்டு ஏற்றிப் படகு போகாத நாட்களில் இறக்கலாம்.

16 ஜூன்

காக்கா, உங்கள் மகனுடைய கியூரம் ஒன்று எங்கள் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்துக்கு அடியில் கிடக்கிறது. வளைவு இன்னும் முழுசாக நிமிரவில்லை. கீழக்கரை பஸ்ஸில் கொடுத்தனுப்பவா, ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்துக்கொள்கிறீர்களா?